பதினொரு புல்குவியல்

பரமசிவத்துக்கு அறுபத்தாறு வயது. அவருடைய அப்பா கதிரேசன் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரர்களின் பந்துத் திடலுக்குப் புல் வெட்டியவர். அம்மாவைப் பெற்றவர் நீசூன் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தாய்மாமன் கால்வாயில் தூர் வாரியவர். அக்கா முத்தாயி ஜொகூர்ப் பக்கம் மாசாயில், செம்பனைத் தோட்டத்துக் கங்காணி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். பெண் எடுத்த வகையில் பார்த்தாலும், மனைவி சுசீலாவின் சித்தப்பாமார் இரண்டு பேரும் பூமலைப் பூங்காவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்தாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கையில் மண் ஒட்டாத உறவு கிடையாது. மகள் ரோஷினிதான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள்.

பரமசிவம் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டியவர். இப்போது ஈசூனில் ஒரு கம்பெனிக்கு சூப்பர்வைசர். அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர், எல்லாம் அறந்தாங்கி, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். நல்ல மனுஷன்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் எரிச்சல். மின்தூக்கி நாலாம் மாடியில் நின்றால் எரிச்சல். காப்பியில் சீனி அதிகமானால் எரிச்சல். "இவருக்கு மூக்கு முந்திப் பொறந்துச்சு, கோவம் அதுக்கும் முந்திப் பொறந்துச்சு" என்பாள் சுசீலா.

புல் வேலையில் இரண்டு பாகம் உண்டு. வெட்டுவது ஒன்று, அள்ளுவது ஒன்று. வெட்டும்போது சத்தம் வரும். நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அள்ளுவதை யாரும் பார்ப்பதில்லை. வெட்டிய புல்லை வாரிக் குவியல் குவியலாக வைத்தால், மறுநாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். லாரி போன பிறகு சூப்பர்வைசர் தாளில் தேதி போட்டு, அள்ளியாயிற்று என்று கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்தில்தான் பரமசிவம் சறுக்கினார்.

அந்த வருஷம் தைப்பூசம் வியாழக்கிழமையில் வந்தது. புதன்கிழமை, பரமசிவம் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னாலேயே, காட்டோரமாகப் புல் வெட்டிப் பதினொரு குவியல் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை நாலு பேர் அள்ளவேண்டும், மற்றவர்களுக்கு வேறு இடத்தில் வெட்டு. அந்த நாலு பேரில் வடிவேலு என்கிற அறந்தாங்கிப் பையனுக்குக் காவடி நேர்த்தி இருந்தது. ஊரில் அவன் மகள் டெங்கிக் காய்ச்சலில் பிழைத்து எழுந்ததற்கு நேர்ந்துகொண்டது. கம்பெனி மேனேஜர் ராஜீவிடம் லீவு கேட்டான்.

"தைப்பூசம் பப்ளிக் ஹாலிடே இல்லலா" என்றான் ராஜீவ். அவனும் தமிழன்தான், அவன் அம்மா வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவள். "ஒருத்தனுக்குக் குடுத்தா பன்னெண்டு பேரும் கேப்பான். பிறகு நான் யார வச்சு வேல பாக்கிறது?"

பரமசிவத்துக்கு எரிச்சல் வந்தது. ராஜீவ் போன பிறகு வடிவேலுவைக் கூப்பிட்டார்.

"எத்தன பேர் உன்கூட வரணும்?"

"காவடிக்குத் துணைக்கு மூணு பேரு வேணும்ணே."

"போங்க. நாலு பேரும் போங்க. புல்லு எங்கயும் ஓடிப்போயிடாது. வெள்ளிக்கிழம அள்ளிக்கலாம்."

"தாள்ல எழுதணுமேண்ணே?"

"அத நான் பாத்துக்கிறேன்."

வியாழக்கிழமை வடிவேலு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டு முருகன் கோயில்வரை காவடி எடுத்து நடந்தான். பரமசிவம் தாளில் தேதி போட்டு, அள்ளியாயிற்று என்று கையெழுத்துப் போட்டார். முருகனுக்காகப் போட்ட கையெழுத்து, முருகன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை லாரி வரவில்லை. சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டது. எல்லாக் கார்நிறுத்தத்தையும் பூங்காவையும் பளபளவென்று ஆக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. லாரி அங்கே போனது, ஆட்கள் அங்கே போனார்கள். தாளில் அள்ளியாகிவிட்ட புல்லை அள்ள யார் லாரி அனுப்புவார்கள்? பதினொரு குவியலும் காட்டோரத்தில் அப்படியே கிடந்து காய்ந்தன. மழை ஒரு சொட்டு இல்லை.

அதைக் கவனித்த ஒரே மனிதர் இரண்டாம் மாடியில் இருக்கும் கோ என்கிற சீனர். எழுபத்தெட்டு வயது. சோங் பாங் சந்தையில் நாற்பது வருஷம் மீன் விற்றவர், மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். பரமசிவம் அவரை, முதலாளி என்ற பொருளில், "தவுக்கே" என்பார். அவர் பரமசிவத்தை "தம்பி" என்பார். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. பேசுவதெல்லாம் பழைய சந்தை மலாய்தான்.

"தம்பி, பின்னால புல்லு கெடக்குது. வெயிலப் பாத்தியா?" என்றார் கோ ஒருநாள்.

"பெசோக், தவுக்கே" என்றார் பரமசிவம். பெசோக் என்றால் நாளை.

அடுத்த வாரமும் கோ கேட்டார். அப்போதும் பெசோக். மூன்றாம் தடவை கேட்டபோது பரமசிவத்துக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பெசோக்னு சொன்னா பெசோக். நீங்க என்ன இன்ஸ்பெக்டரா?" என்றார். கோ சிரித்துக்கொண்டே மின்தூக்கிக்குள் போய்விட்டார்.

சீனப் புத்தாண்டு ஒன்பதாம் நாள், ஹொக்கியன் சீனர்கள் கரும்பு கட்டி, வானத்துச் சாமிக்குக் காகிதம் எரித்துக் கும்பிடுவார்கள். கோவும் தன் சொந்தத் தகர டின்னில் எரித்துக் கும்பிட்டார். மறுநாள் காலையில் சாம்பல்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, டின்னை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டோரமாகக் கொட்டிவிட்டு வந்தார். அன்று மத்தியானம் இரண்டு மணிக்குத் தீப் பிடித்தது.

சாதாரணத் தீ இல்லை. லாலாங் என்கிற உயரமான காட்டுப்புல்லில் பிடித்து, காட்டுக்குள் ஏறி, மூன்று நாள் எரிந்தது. புகை உட்லண்ட்ஸ் பாலம்வரை போனது. நாலு புளோக்கைக் காலிபண்ணி ஜனங்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, அந்தமட்டுக்கு முருகன் புண்ணியம். ஆனால் பரமசிவம் முதல்நாள் தன் ஒன்பதாம் மாடி வீட்டிலிருந்து கண்ணால் பார்த்தார். நெருப்பு ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியலுக்கு, படிக்கட்டில் கால் வைத்து ஏறுகிறவன் மாதிரி நடந்து போனது. எட்டுக் குவியல் எண்ணினார். எட்டாவதிலிருந்து காட்டுக்குள் குதித்தது. பக்கத்துப் புளோக்குக்குப் பின்னால் இருந்த கடைசி மூன்றை நெருங்குமுன் காற்று திரும்பிவிட்டது, அவை பிழைத்துக்கொண்டன.

தீ அணைந்த பிறகுதான் பேச்சு பற்றிக்கொண்டது. அரசாங்கம் செய்தது சரியா, தப்பா? வானொலியில் அதே பேச்சு, பேப்பரில் அதே பேச்சு, கைத்தொலைபேசியில் ஓயாமல் அதே பேச்சு. தீயணைப்பு வண்டி எட்டு நிமிஷத்தில் வந்தது என்று ஒரு கட்சி, பதினொரு நிமிஷம் என்று இன்னொரு கட்சி. நடுவில் யாரோ ஒரு வீடியோவைப் போட்டார்கள். அதில் கோ டின்னைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போகிறார். முகம் தெளிவாகத் தெரிந்தது. ரோஷினிகூட, விஷயம் தெரியாமல், "இது நம்ம புளோக் அங்கிள்தானே அப்பா?" என்று அதை அனுப்பிவைத்தாள்.

அன்று முதல் கோவுக்கு யாரும் காலை வணக்கம் சொல்வதில்லை. டின்னை அதிகாரிகள் எடுத்துப் போய்விட்டார்கள். அவர் வீட்டுக் கதவில் யாரோ ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். என்ன எழுதியிருந்தது என்று பரமசிவம் படிக்கவில்லை, கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டார். விசாரிக்க வந்தவர்களிடம் கோ, "சாம்பல் கொட்டினேன். தண்ணி ஊத்தித்தான் கொட்டினேன்" என்று மட்டும் சொன்னாராம். புல்குவியலைப் பற்றி மூச்சுவிடவில்லை. மூன்று தடவை தம்பியிடம் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பழி அன்றைக்கே பரமசிவத்தின் கதவுக்கு மாறியிருக்கும். அவர் சொல்லவில்லை என்பதுதான் பரமசிவத்துக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேக்காச் சந்தைக்குப் போனார். மீன் வாங்கிக்கொண்டு, அங்கேயே சாப்பாட்டுக் கடைப் பக்கம் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணீர் குடிப்பது அவர் வழக்கம். அங்கேயும் அதுதான் பேச்சு.

"ஹெலிகாப்டர்ல தண்ணி ஊத்தியிருக்கணும்யா" என்றார் டாக்ஸி ஓட்டும் அழகேசன். இவர் சுசீலாவின் பெரியப்பா மருமகனுக்குத் தம்பி முறை. "சுத்தியும் கடலு. ஒரு வாளி மொண்டு ஊத்த எவ்ளோ நேரம்?"

"கடல் தண்ணிய மொண்டு உன் டாக்ஸிமேல ஊத்துனா அடுத்த வாரமே துரு புடிக்கும், அப்பவும் நீதான் கத்துவ" என்றார் எதிரே இருந்தவர்.

"காலிபண்ணச் சொல்லி எனக்கு மெசேஜ் நாலு பாஷையிலயும் வந்துச்சு. தமிழ் வந்து சேர்றப்ப நான் கீழ எறங்கிட்டேன்" என்றார் காலிபண்ணின புளோக்கில் இருக்கும் ஒருவர்.

"எறங்கிட்டீங்கள்ல? பிறகு என்ன கொற?"

"கொற இருக்குய்யா. முதல்ல தமிழ் வந்தா என்ன கொறஞ்சுபோச்சு?"

"அதெல்லாம் விடு. அந்தச் சீனக் கெழவன உள்ள வைக்கணும். காகிதத்த எரிச்சு ஊரையே எரிச்சுட்டான்" என்றார் அழகேசன். பிறகு திரும்பி, "என்ன மச்சான், உங்க புளோக்காமே. ஆளு எப்படி?" என்று கேட்டார்.

"மீனு வித்தவரு" என்றார் பரமசிவம்.

"மீன் வித்தவனுக்கு நெருப்புல என்ன வேல?"

பரமசிவம் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நாட்டில் உள்ள அத்தனை பேருக்கும் நெருப்பைப் பற்றி ஒரு யோசனை இருக்கிறது, புல்லைப் பற்றி ஒருவனுக்கும் இல்லையே என்று எரிச்சலாக வந்தது. அப்படிக் கேட்கவும் முடியாது. கேட்டால், யார் புல், யார் அள்ளவேண்டியது என்று வரும்.

வாசலில் வடிவேலு காத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, முகம் மட்டும் வேலைநாள் முகம்.

"அண்ணே, நான் போய்ச் சொல்லிடுறேண்ணே. என்னாலதான் அள்ளாமப் போச்சு."

"என்னன்னு சொல்லுவ?"

"லீவு இல்லாம காவடிக்குப் போனேன்னு."

"சொல்லு. நாளைக்கே பெர்மிட்ட ரத்து பண்ணி அறந்தாங்கிக்கு அனுப்புவான். உன் மகளுக்கு மருந்து முருகன் வாங்கிக் குடுப்பாரா?"

"அப்ப அந்தத் தாத்தா?"

"நீ வாயத் தொறக்காத. போகச் சொன்னவன் நான், கையெழுத்துப் போட்டவன் நான். நீ ஏன் குறுக்க வர்ற?"

பரமசிவம் மீன் பையை அவன் கையில் திணித்து, "இத டார்மிட்டரிக்குக் கொண்டுபோய்க் கொழம்பு வை. எனக்கு இன்னிக்கு எறங்காது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

செவ்வாய்க்கிழமை ராஜீவ் வீட்டுக்கே வந்தான். சனிக்கிழமை சமூக மன்றத்தில் கூட்டம். குடியிருப்பாளர்கள் கேள்வி கேட்பார்கள், அதிகாரிகள் பதில் சொல்வார்கள். கம்பெனியையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"ஒண்ணுமில்ல அங்கிள். நீங்க எந்திரிச்சு தாள வாசிச்சா போதும். இருபத்தஞ்சாம் தேதி அள்ளியாச்சுன்னு இருக்கு, உங்க கையெழுத்து இருக்கு. நான் வாசிச்சா கம்பெனிக்காரன் சொல்றான்னு நெனப்பாங்க. நீங்க அதே புளோக், வயசானவரு. நம்புவாங்க."

"அந்தச் சீனருக்கு என்ன ஆகும்?"

"அது கேஸு. அவங்க பாத்துக்குவாங்க. நமக்கு என்ன?" எழுந்திருக்கும்போது அவனாகவே சொன்னான்: "உங்க கான்ட்ராக்ட் மார்ச்ல முடியுதுல்ல? இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லியிருக்கேன்."

அவன் போனதும் சுசீலா சமையற்கட்டிலிருந்து வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இவர் சொல்லவில்லை, நாற்பது வருஷமாக இவர் முகத்தைப் பார்க்கிறவள்.

"வாசிச்சிட்டு வாங்க" என்றாள்.

"பொய்ய மைக்கு வச்சு வாசிக்கச் சொல்றியா?"

"கையெழுத்துப் போடுறப்ப மட்டும் அது மெய்யா இருந்துச்சா? அன்னிக்கே யோசிச்சிருக்கணும். ஊருல ஒருத்தன் காவடி எடுக்கிறதுக்கு இவரு நெருப்ப எடுத்துட்டாரு."

"அந்தாளு என்னக் காட்டிக் குடுக்கல சுசீலா."

"தெரியும்." அவள் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "அவர் பொண்டாட்டி செத்தப்ப பதினாறு நாளு நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தேன். அதுக்குத்தான் பேசாம இருக்காரோ என்னமோ. இப்பக் கதவத் தட்டினாத் தொறக்க மாட்டேங்கிறாரு. மகன் வந்து முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போகப் போறானாம்." பிறகு துணியை மேசைமேல் எறிந்தாள். "என்னமோ பண்ணித் தொலைங்க. என்னக் கேக்காதீங்க."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சமூக மன்றத்தில் இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். இருநூறும் நிறைந்து ஆள் நின்றது. கோ முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி இரண்டும் காலி. கூட்டத்தை நடத்தியவர் ஃபஸீலா என்கிற அதிகாரி. கனிவான முகம், கையில் கடிகாரம். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றார்.

முதலில் எழுந்தவர் தன் காரில் சாம்பல் விழுந்து வண்ணம் போய்விட்டது, யார் கழுவித்தருவார்கள் என்று கேட்டார். அடுத்து ஓர் அம்மாள், காலிபண்ணச் சொன்னபோது பூனையை எடுத்துவர விடவில்லை என்று அழுதார். பூனை நலமா என்று ஃபஸீலா கேட்டார். நலம்தான் என்றார் அம்மாள், ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஓர் இளைஞர் படம் போட்டு, எட்டு நிமிஷத்துக்கும் பதினொரு நிமிஷத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர், தொலைபேசி அடித்த நேரத்திலிருந்து எண்ணுகிறாயா, எடுத்த நேரத்திலிருந்தா என்றார். அந்தச் சண்டையிலேயே பதினொரு நிமிஷம் போனது.

காட்டோரம் யாருடைய பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஓர் அலுவலகம், அந்தப் பக்கம் இன்னொன்று என்று பதில் வந்தது. "வாய்க்கால்?" என்றார் அவர். அதற்கு மூன்றாவது. ஜனங்கள் சிரித்தார்கள். பரமசிவம் சிரிக்கவில்லை. மூன்று தடவை கையைத் தூக்கினார். மூன்று தடவையும் வேறு யாரோ மைக்கை வாங்கிக்கொண்டார்கள். எரிச்சல் நெஞ்சுவரை ஏறிவிட்டது.

பிறகு ஒருவர் எழுந்து வீடியோவைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை, ஆனால் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். இப்படிப்பட்டவர்களைக் குடியிருப்பில் வைத்திருப்பது எப்படிப் பாதுகாப்பு என்றார். கைதட்டல் விழுந்தது. கோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போது கம்பெனியின் பதில்" என்றார் ஃபஸீலா. ராஜீவ் பரமசிவத்தின் கையில் தாளைக் கொடுத்தான்.

பரமசிவம் எழுந்தார். தாளில் இருந்ததை இருந்தபடி இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி வாசித்தார். இருபத்தைந்தாம் தேதி. பதினொரு குவியல். அள்ளியாயிற்று. கையெழுத்து, பரமசிவம். ராஜீவ் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

பரமசிவம் உட்காரவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மலாயில் பேசினார். இங்கிலீஷில் பொய் வாசித்தாயிற்று, மெய்யைத் தெரிந்த பாஷையில்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"இது பொய்யி. அன்னிக்கு அள்ளல. மறுநாளும் அள்ளல. தீப் புடிக்கிற வரைக்கும் அள்ளல. ஆளுங்க கேட்டாங்க, சூப்பர்வைசர் நான்தான் போகச் சொன்னேன், நான்தான் கையெழுத்துப் போட்டேன். நெருப்பு எங்கேருந்து வந்துச்சோ எனக்குத் தெரியாது. எப்படிக் காட்டுக்குள்ள போச்சுன்னு தெரியும். என் குவியல்மேல ஏறித்தான் போச்சு. கண்ணால பாத்தேன். அந்தத் தவுக்கே மூணு தடவ எங்கிட்ட அள்ளச் சொன்னாரு. நான்தான் பெசோக், பெசோக்னு சொன்னேன்."

மலாய் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் காதோடு சொன்னார்கள். அந்த முணுமுணுப்பு நாலு பாஷையில் மண்டபத்தைச் சுற்றி வந்து முடிந்ததும், பேச்சு மறுபடி பற்றிக்கொண்டது.

"எந்த நாள்? தைப்பூசமா? அன்னிக்கு லீவு விட்டிருந்தா இது நடந்திருக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு தமிழர்.

"கொறஞ்ச வெலைக்கு கான்ட்ராக்ட் குடுத்தா இப்படித்தான்" என்று கார்க்காரர்.

"வெளிநாட்டு வேலைக்காரங்கள நம்பினா..." என்று வேறொருவர் ஆரம்பித்தார்.

"நான் வெளிநாட்டுக்காரன் இல்ல" என்றார் பரமசிவம் மைக்கில். "எங்க அப்பா இங்கதான் புல்லு வெட்டினாரு. தப்பு என் கையெழுத்து. அத விட்டுட்டு எதெதையோ பேசுறீங்க."

"நன்றி அங்கிள்" என்றார் ஃபஸீலா. உண்மையிலேயே கனிவோடுதான் சொன்னார். "உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்."

"கருத்து இல்லம்மா. நடந்தது."

"அதையும் குறித்துக்கொண்டோம்."

"இன்னொண்ணும் குறிச்சுக்கோங்க. அவரு டின்னத் திருப்பிக் குடுங்க. அப்புறம் பக்கத்துப் புளோக்குக்குப் பின்னால இன்னும் மூணு குவியல் கெடக்குது. எரியல. இன்னும் காஞ்சிட்டுத்தான் இருக்கு."

ஃபஸீலா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அது வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். டின்னுக்குத் தனி விண்ணப்பம் உண்டு என்றார்கள். பரமசிவம் மைக்கை நாற்காலிமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அதுவரை முன்வரிசையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவர் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுமட்டும்தான் அன்றைய லாபம்.

வாசல்வரை ராஜீவ் ஓடிவந்தான். "என்ன அங்கிள் பண்ணிட்டீங்க? திங்கக்கிழம வரவேணாம். நான் கூப்பிடுறேன்." அவன் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. பரமசிவம் தலையை ஆட்டினார். கூப்பிடமாட்டான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சாயங்காலம் கோவின் கதவைத் தட்டினார். இந்தத் தடவை திறந்தது. கோ நன்றி சொல்வார் என்று பரமசிவம் எதிர்பார்க்கவில்லை. இப்படித் திட்டுவார் என்றும் எதிர்பார்க்கவில்லை.

"உனக்குப் புத்தி இருக்கா தம்பி? எனக்கு எழுவத்தெட்டு. என்னைய என்ன பண்ணிடுவாங்க? ரெண்டு நாளு பேசுவாங்க, மூணாம் நாளு வேற எவனாவது கெடைப்பான். உனக்கு வேல போச்சு. உன் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்லுவ?"

"நீங்க ஏன் தவுக்கே சொல்லல? மூணு தடவ சொன்னேன்னு ஏன் சொல்லல?"

"நான் என்ன இன்ஸ்பெக்டரா?" என்றார் கோ.

கோவின் மகன் சாமான் கட்டுவதற்கு வாங்கிவைத்த அட்டைப் பெட்டிகள் கூடத்தில் மடித்தபடியே இருந்தன. இன்னும் ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"அந்த மூணு குவியல்" என்றார் கோ, பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே. "அள்ளிட்டாங்களா?"

"யாரு அள்ளுவா? எந்தப் பக்கம்னு மீட்டிங் போட்டுப் பேசுறாங்க."

"அப்ப?"

"பெசோக்" என்று சொல்ல வாயெடுத்த பரமசிவம் நிறுத்திக்கொண்டார். ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரமாவது இருக்கும்.

வீட்டுக்கு ஏறிப் புல்வாரியை எடுத்துவந்தார். சுசீலா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்து, "இடுப்பப் பாத்து குனிங்க. அதுவும் போச்சுன்னா என்னால தூக்க முடியாது" என்று மட்டும் சொன்னாள்.

பக்கத்துப் புளோக்குக்குப் பின்னால் கரிந்த மண் முடிந்து மஞ்சள் புல் தொடங்கும் இடத்தில் மூன்று குவியலும் அப்படியே கிடந்தன. கைபட்டாலே நொறுங்கியது. பரமசிவம் வாரினார், கோ பையின் வாயை விரித்துப் பிடித்தார். பிடிக்கத் தெரியவில்லை; பாதி வெளியே கொட்டியது. "மீன் பையப் புடிக்கிற மாதிரி புடிங்க தவுக்கே" என்று பரமசிவம் எரிந்து விழுந்தார். மீனாக இருந்தால் இந்நேரம் விற்றிருப்பேன் என்றார் கோ.

இரண்டாவது குவியலில் இருக்கும்போது மாடியிலிருந்து யாரோ கைத்தொலைபேசியை நீட்டிப் படம் எடுப்பது தெரிந்தது. கோ நிமிர்ந்து பார்த்தார். பரமசிவமும் பார்த்தார். நாளைக்கு இதை வைத்து, இவர்களுக்கு அள்ள யார் அனுமதி கொடுத்தது, இது வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் என்று புதுப் பேச்சு ஆரம்பிக்கும்.

"எடுக்கட்டும்" என்றார் பரமசிவம். "மொகம் நல்லா விழுதான்னு பாத்துக்கோங்க."

கோ பையை இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தார். பரமசிவம் மூன்றாவது குவியலுக்கு நகர்ந்தார்.